சேலத்திலிருந்து இலங்கைக்கு: தோழிகளோடு முதல் வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களுக்கு

சிகிரியா பாறையை ஏறி இறங்க எங்களுக்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பாறையின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர ஏழு மாதம் ஆனது. ஆகஸ்டில் போவதாகப் பேசி வைத்த பயணம், பேப்பர் வேலையில் இழுத்து இழுத்துப் பிப்ரவரிக்குத் தள்ளிப் போய்விட்டது. நாங்கள் ஐந்து பேர், சேலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தி இப்போது ஏற்காட்டில் எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறாள், ஒருத்தி ஆத்தூரில், மற்ற மூவரும் டவுனில். ஐவருக்குமே அதுதான் முதல் வெளிநாடு.

எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் போவது வேறு நாடாக இருந்தாலும் முதல் மூன்று படிகள் மாறாது.

1. முதலில் பெயரைச் சரிபாருங்கள்

பணத்தையும் லீவையும் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். கூட்டத்தில் உள்ள எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து ஆதார், பான், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வையுங்கள். மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா?

நம் ஊர்ப் பெண்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. எங்கள் ஆத்தூர்த் தோழியின் மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவரின் இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, அதுவும் வேறு ஸ்பெல்லிங்கில். பழனிசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ‘டபிள்யூ’ போட்டும் இன்னொரு இடத்தில் போடாமலும் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு எழுத்துக்காக அவள் இரண்டு மாதம் அலைந்தாள்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதனால் அவசரப்பட்டு ஆதார் மையத்துக்கு ஓடாதீர்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்றபடி மற்றதைத் திருத்துங்கள். கல்யாணமானால் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. மார்க் ஷீட்டில் உள்ளபடி அப்பா பெயரோடு விண்ணப்பிப்பதுதான் எங்களில் பலருக்குச் சுலபமாக இருந்தது.

அடுத்த சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே ‘கிவன் நேம்’ என்று ஒரு கட்டமும் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் பலரும் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். முதல் கட்டத்தில் உங்கள் பெயர், இரண்டாவதில் அப்பா பெயர் அல்லது கணவர் பெயர் என்று நிரப்புங்கள். காலியாக விட்டால் ஒவ்வொரு விமான டிக்கெட்டிலும் ‘கடைசிப் பெயர்’ கேட்கும்போது தடுமாறுவீர்கள். பின்னால் துபாய் போக ஆசைப்பட்டால், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகத்தில் சுற்றுலா விசா கிடைப்பதே சிக்கல்.

2. பாஸ்போர்ட்

பாஸ்போர்ட் சேவா தளத்திலோ அதன் செயலியிலோ நீங்களே விண்ணப்பிக்கலாம். அரை மணி நேர வேலை. இதற்குத் தரகர் எதற்கும் தேவையில்லை. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கால் என்றால் மேலே 2,000 சேர்த்து 3,500. பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும்.

நேர்காணலுக்குச் சென்னைக்கோ கோவைக்கோ ஓட வேண்டாம், சேலத்திலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. நாள் பதிவு செய்யும்போது பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். இடம் காலியில்லை என்று காட்டினால் மறுநாள் திரும்பப் பாருங்கள்.

கையில் வேண்டியவை: ஆதார், பிறந்த தேதிக்கான ஆவணம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், முகவரிச் சான்று. எல்லாமே ஒரிஜினலும் ஒரு செட் ஜெராக்ஸும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மறக்கவே கூடாது. அதைக் காட்டினால்தான் ‘குடியேற்றச் சோதனை தேவையில்லை’ என்ற வகையில் பாஸ்போர்ட் கிடைக்கும். லேமினேட் செய்து அலமாரிக்கு அடியில் வைத்திருப்பீர்கள், முந்தின நாளே எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கூட்டத்தில் இருந்தால், காலாவதி தேதியை இன்றே பாருங்கள். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். “இன்னும் அஞ்சு மாசம் இருக்கே” என்று ஒருவர் சொன்னால், அவர் புதுப்பிக்க வேண்டியவர்.

3. போலீஸ் விசாரணை

இங்கேதான் எங்கள் பயணம் ஆறு வாரம் நின்றது. ஏற்காட்டுத் தோழியின் ஆதாரில் இருந்தது சேலத்துப் பழைய வாடகை வீட்டு முகவரி. அவள் அதையே எழுதிக் கொடுத்துவிட்டாள். விசாரணைக்கு வந்தவர் அந்த வீட்டில் வேறு குடும்பம் இருப்பதைப் பார்த்து, ஆள் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. எஸ்டேட் குடியிருப்பில் கரண்ட் பில்லும் கேஸ் ரசீதும் இவள் பெயரில் கிடையாது. கடைசியில் தற்போதைய முகவரிக்கு ஆதாரை மாற்றி, திரும்ப விசாரணை கேட்டு, மலையிலிருந்து நாலு முறை இறங்கி வந்து முடித்தாள்.

ஆகவே, நீங்கள் இப்போது உண்மையில் குடியிருக்கும் முகவரியையே எழுதுங்கள். ஆதாரில் அது இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள். விண்ணப்பித்த பிறகு, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுங்கள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் அன்றே போய்விடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். விசாரணைக்குப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். அடையாள அட்டையைப் பார்த்து உங்கள் கையில்தான் தருவார்கள். அந்த வாரம் ஊருக்குப் போய்விடாதீர்கள். வந்ததும் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் தபால்காரர் படியிறங்குவதற்குள் படித்துப் பாருங்கள்.

ஐந்தாவது பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட். நாலு பேருடையது வந்துவிட்டது, மீதி ஒன்றும் வந்துவிடும் என்று நம்பிப் போடாதீர்கள்.

4. எந்த மாதம்?

தம்புள்ளை, சிகிரியா, கண்டி, நுவரெலியா பக்கம் போகிறவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையையும் மலைச்சரிவையும் நனைத்துக்கொண்டே இருக்கும். வருட இறுதி மழை வடக்கிலும் கிழக்கிலும் அடிக்கும்.

தேதி குறிக்கும்போது காலண்டரில் பௌர்ணமியையும் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா தினம், அரசு விடுமுறை. கோயில்களில் கூட்டம் அலைமோதும், கடைகள் பல மூடியிருக்கும். நாங்கள் தெரியாமல் அன்றைக்குக் கண்டியில் மாட்டிக்கொண்டு, புத்தரின் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகையின் வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம்.

5. டிக்கெட்டும் விமான நிலையமும்

சேலம் காமலாபுரத்திலிருந்து வெளிநாட்டுக்கு விமானம் இல்லை. நமக்கு அருகில் திருச்சி, சாலையில் 140 கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு, ஏறினால் ஒரு மணி நேரம்தான். சென்னையிலும் பெங்களூரிலும் சில நாள் டிக்கெட் மலிவாகக் காட்டும். ஆனால் பெங்களூர் விமான நிலையம் ஊரைத் தாண்டி தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் ரோட்டு நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மலிவு கரைந்துவிடும். சென்னைதான் என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்ட்ரலில் இறங்கிவிடலாம், அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ இருக்கிறது.

டிக்கெட் போடும்போது ஐந்து பாஸ்போர்ட்டும் எதிரே திறந்திருக்க வேண்டும். நாங்கள் ஒரு ஏஜென்ட்டிடம் வாட்ஸ்அப்பில் பெயர்களை டைப் அடித்து அனுப்பினோம். அவர் ஒருத்திக்கு இனிஷியலோடு போட்டுவிட்டார். திருத்தத்துக்கு 2,800 ரூபாய் கட்டினோம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், டிக்கெட் வந்ததும் ஒவ்வொருத்தரும் அவரவர் பெயரை வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

6. இலங்கைக்கான பயண அனுமதி

இந்தியர்களுக்கு ‘இ.டி.ஏ.’ என்ற ஆன்லைன் அனுமதி வேண்டும். இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தை அவ்வப்போது ரத்து செய்வதும் திரும்பக் கொண்டுவருவதுமாக இருக்கிறார்கள். அதனால் போன வருடம் போனவர் சொல்வதை நம்பாமல், விண்ணப்பிக்கும் அன்று அந்தத் தளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பெரிய பொறி இதுதான்: கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் அரசுத் தளம் அல்ல. சிங்க முத்திரை, கொடி எல்லாம் போட்டு அசலைப் போலவே இருக்கும். நான் அப்படி ஒன்றில் எனக்கும் இன்னொருத்திக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன், உண்மையான கட்டணத்தைப் போல இரண்டரை மடங்கு. அனுமதி வந்தது, பணம் போனது போனதுதான். அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் எல்கே’ என்று முடியும். அதைப் பார்த்த பிறகுதான் கார்டு எண்ணைத் தட்டுங்கள்.

பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் அனுமதி செல்லாது. ஒருத்தி டைப் அடிக்க, இன்னொருத்தி படித்துச் சொல்லட்டும். வந்த அனுமதியோடு திரும்பும் டிக்கெட், தங்குமிட புக்கிங் இவற்றையும் அச்சிட்டு ஆளுக்கு ஒரு ஃபைலில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள் போனில் வைத்திருந்து, அந்த ஆள் வரிசையில் முன்னால் போய்விட்டால் பின்னால் நிற்பவர் கதி என்ன? திருச்சியில் குடியேற்ற அதிகாரி என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி: எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், என்ன வேலை செய்கிறீர்கள்.

7. பணம்

நாங்கள் போனபோது நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றரை அளவில் கிடைத்தது. எட்டு நாளுக்கு ஆளுக்கு ஆன செலவை அப்படியே தருகிறேன்:

விமானம் போக வர 16,400. டிரைவரோடு வேன் 8,200. ஏழு இரவு தங்கல் 10,500. சாப்பாடு 6,000. நுழைவுக் கட்டணங்கள் 6,300. காப்பீடு, சிம், திருச்சிக்குக் கார், சில்லறை எல்லாம் சேர்த்து 3,900. மொத்தம் 51,300 ரூபாய். கடையில் வாங்கிய தேயிலையும் துணியும் இதில் சேரவில்லை. நீங்கள் மூன்று பேர்தான் என்றால் வேன் செலவு ஏறும். ஐந்து ஆறு பேர் என்பது நல்ல எண்ணிக்கை.

டாலர் நோட்டை வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ ரசீதோடு வாங்குங்கள். பாஸ்போர்ட்டும் பான் கார்டும் கேட்பார்கள். நம் ரூபாய் நோட்டை 25,000-க்கு மேல் வெளியே கொண்டுபோகக் கூடாது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே கடையில் கார்டு தேய்க்கும்போது “இந்திய ரூபாயிலா, இலங்கை ரூபாயிலா” என்று மெஷின் கேட்டால் இலங்கை ரூபாய் என்றே சொல்லுங்கள், இல்லையென்றால் மாற்று விகிதத்தில் தெரியாமல் பிடித்துவிடுவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. அங்கே சில கடைகளில் வேலை செய்கிறது. அதை மட்டும் நம்பி மலை ஏறாதீர்கள்.

டூர் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும். யார் பான் எண்ணில் பிடித்தார்கள் என்பதை மட்டும் கேட்டு எழுதி வையுங்கள். ஐந்து பேர் பணத்தையும் ஒருத்தி பெயரில் கட்டினால் வரியும் அவள் கணக்கில்தான் போய் உட்காரும்.

பொதுச் செலவுக்கு ஒரு பர்ஸ், ஒரு பொறுப்பாளர், ஒரு சின்ன நோட்டு. அன்றன்று இரவே எழுதிவிட வேண்டும். தோழிகளுக்குள் மனஸ்தாபம் வந்தால் அது இருநூறு முந்நூறு ரூபாயில்தான் வரும், பத்தாயிரத்தில் வராது.

8. எங்கே, எப்படிப் பார்ப்பது

சிகிரியா: கதவு திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். படிகள் 1,200 அளவில் இருக்கின்றன. பத்து மணிக்குமேல் பாறை கொதிக்கும், இரும்புப் படிகளில் நெரிசல் சேர்ந்துவிடும். முன்னேற்பாடாக நாங்கள் இரண்டு ஞாயிறு சங்ககிரி மலைக்கோட்டை ஏறி இறங்கினோம், அது உண்மையிலேயே உதவியது. பாறையில் குளவிக் கூடுகள் உண்டு. சத்தம் போட வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள், அதை மதியுங்கள். ஓவியங்கள் இருக்கும் இடத்தில் போட்டோ எடுக்க அனுமதி இல்லை.

இங்கேயும் பழைய தலைநகரமான பொலன்னறுவையிலும் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் மற்ற வெளிநாட்டவரை விடக் குறைவு. ஆனால் ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கவுன்ட்டரில் காட்ட வேண்டும். எங்களில் ஒருத்தி பத்திரமாக இருக்கட்டும் என்று ஓட்டல் அறையில் வைத்துவிட்டு வந்தாள். போனில் இருந்த படத்தைக் காட்டினோம், ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு மட்டும் முழுக் கட்டணம்.

பொலன்னறுவைக்கு அரை நாள் போதும் என்பார்கள். ஒரு நாள் கொடுங்கள், சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கல் விகாரையின் படுத்த புத்தரைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். சோழர் காலத்துச் சிவன் கோயிலான வானவன் மாதேவி ஈஸ்வரத்தை விட்டுவிடாதீர்கள். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கடல் தாண்டி வந்து, வெயிலில் சூடேறிய கருங்கல்லில் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை விரலால் தடவிப் பார்த்தபோது எங்கள் ஐந்து பேருக்கும் பேச்சு வரவில்லை.

கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், அது அங்கே பெரிய அவமரியாதை.

கண்டி–எல்ல ரயில்: ரிசர்வேஷன் முப்பது நாள் முன்னால் திறக்கும், திறந்த சில நிமிடங்களில் தீரும். 2025 நவம்பர் டிட்வா புயலில் மலை ரயில் பாதை பலத்த சேதம் அடைந்தது. நாங்கள் போனது அதற்கு முன்னால். நீங்கள் எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மற்ற புக்கிங்கைச் செய்யுங்கள்.

நுவரெலியா: நம் ஏற்காடு 1,500 மீட்டர் அளவு என்றால் இது 1,868 மீட்டர். ஏற்காட்டுக் குளிர் பழகியவர்கள்தானே என்று மெல்லிய சால்வையோடு போனோம், இரவில் பல் கிட்டியது. ஸ்வெட்டர் கட்டாயம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால், ரம்பொடை வழி மலைப் பாதையிலும் எடுப்பார். மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள், முன் சீட்டை அவருக்கு விடுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நாங்கள் வேனை நிறுத்தி வணக்கம் சொன்னோம். ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்து “எந்த ஊரு புள்ளைக?” என்றார். சேலம் என்றதும், தன் பாட்டி வழி ஆத்தூர்ப் பக்கம் என்று வீட்டில் சொல்வார்கள் என்றார். ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆத்தூர்க்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். கையில் எதுவும் இல்லாமல் நின்றோம் என்பது எனக்கு இன்றைக்கும் குறை. நம் ஊர்த் தட்டுவடை ஒரு பாக்கெட்டாவது வேனில் வைத்திருங்கள்.

9. பெட்டியும் திரும்புதலும்

பொடி, ஊறுகாய் எல்லாம் பெட்டியில், எண்ணெய் கசியாமல் கட்டி. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். மாம்பழ சீசனாக இருந்தாலும் மல்கோவாவை விட்டுவிட்டுப் போங்கள். பழம், விதை, செடிக்கெல்லாம் அங்கே தாவர நோய்த் தடுப்புக் கட்டுப்பாடு இருக்கிறது. நகை தினமும் போடுவது மட்டும் போதும்.

பயணக் காப்பீட்டை விடாதீர்கள், ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். எல்லவில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியபோது எக்ஸ்ரே செலவு அதில்தான் திரும்பக் கிடைத்தது. பில், டாக்டர் சீட்டு இரண்டையும் கையெழுத்தோடு வாங்கி வைத்திருந்ததால் கிடைத்தது.

மிச்சமிருக்கும் இலங்கை ரூபாயைக் கொழும்பு விமான நிலையத்திலேயே, குடியேற்றக் கவுன்ட்டரைத் தாண்டுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். சேலத்தில் நாங்கள் கேட்ட மூன்று கடையிலும் வாங்க மாட்டோம் என்றார்கள். 4,600 ரூபாய் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்து போகிறவர்கள் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன்.